நீக்கிய இரண்டு வரிகள்

ஜூன் 11, திங்கள்

மலைக்கு வந்து சேர்ந்தாயிற்று. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நெல்லிவளவுக்கு ஜீப்பில் நாற்பது நிமிஷம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆசிரியர் குடியிருப்பு என்று இரண்டு அறைகள் இருக்கின்றன. ஆசிரியர்கள் யாரும் தங்குவதில்லை. ஒன்றை எனக்குத் திறந்து கொடுத்தார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, உள்ளே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டேன். குழாயில் காலை ஒரு மணி நேரம் தண்ணீர் வருமாம்.

அறக்கட்டளை எனக்குக் கொடுத்த வேலை இதுதான். ஆறு மாதத்தில் இங்குள்ள ஏழு ஊர்களுக்கும் ஒரு வீட்டுச் சந்திப்புத் திட்டம் வகுத்துத் தர வேண்டும். கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் உள்ள வீடுகளுக்கு மாதம் இரண்டு முறை ஒரு பெண் போவாள். குழந்தையை எடை பார்ப்பாள், சாப்பாடு பற்றிப் பேசுவாள், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர்களை அனுப்பிவைப்பாள். "மலைவாழ் மக்களின் பண்பாட்டுக்கு ஏற்ற" என்ற சொற்றொடர் என் வேலை உத்தரவில் மூன்று இடத்தில் வருகிறது.

திட்டம் ஏற்கப்பட்டால் ஒருங்கிணைப்பாளர் பதவி. மூன்று வருஷத்துக்கு. நாலு வருஷத்தில் எனக்கு இது ஐந்தாவது ஒப்பந்தம். ஆத்தூரில் அக்கா வீட்டு மாடியில் என் பெட்டிகள் இரண்டு கிடக்கின்றன, அக்கா ஒன்றும் சொல்வதில்லை. அவள் சொல்லாதது எனக்குக் கேட்கிறது.

ஜூன் 14, வியாழன்

அலுவலகம் கொடுத்த படிவத்தில் அறுபத்து நாலு கேள்விகள். இன்று மூன்று வீடுகளில் கேட்டுப் பார்த்தேன். முப்பத்தோராவது கேள்வி: "குழந்தைக்குத் தினமும் புத்தகம் வாசித்துக் காட்டுகிறீர்களா?" முதல் வீட்டுப் பெண் என்னையே பார்த்தாள். இரண்டாவது வீட்டில் சிரித்தார்கள். மூன்றாவது வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

துணி காயவில்லை. பனி.

ஜூன் 20, புதன்

ஒரு பெண் கிடைத்தாள். பெயர் தங்காயி, வயது இருபத்தேழு. எட்டாவது வரை படித்தவள். மூன்று வருஷமாக இந்த ஊரில் யாருக்குப் பிரசவ வலி கண்டாலும் துணைக்குக் கீழே போகிறவள் அவள்தானாம். யாரும் சம்பளம் தருவதில்லை. புருஷன் குமரேசன் வருஷத்தில் எட்டு மாதம் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்விடுகிறான். ஒரு பையன், ஆறு வயது. அவள் வீடு என் அறையிலிருந்து பத்து நிமிஷ நடை.

என்னை "டீச்சர்" என்கிறாள். நான் டீச்சர் இல்லை என்றேன்.

"பள்ளிக்கூடத்துலதான இருக்கீங்க," என்றாள்.

படிவத்தை வாங்கிப் பொறுமையாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு, "இதை எல்லாம் கேட்டு முடிக்கிறதுக்குள்ள அடுப்புல கஞ்சி தீஞ்சிரும் டீச்சர்," என்றாள்.

ஜூலை 3, செவ்வாய்

தங்காயியோடு பன்னிரண்டு வீடுகள். நான் செய்த தப்புகளை அவள் வழியிலேயே சொல்லிவிடுகிறாள், வீட்டுக்காரர்கள் முன்னால் சொல்வதில்லை.

நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கக் கூடாது. அப்படி வந்து நிற்பவர்கள் வனத்துறைக்காரர்கள்தான். முதலில் ஏதாவது குடிக்கக் கொடுப்பார்கள், குடிக்க வேண்டும். எழுதுவதை வெளியே வந்து எழுதிக்கொள்ளலாம். எத்தனை பிள்ளை என்று எண்ணிக்கை கேட்கக் கூடாது, செத்த பிள்ளையைச் சேர்ப்பதா விடுவதா என்று அந்தப் பெண் நம் முன்னால் நின்று யோசிக்க வேண்டி வரும். "சின்னது பேர் என்ன" என்று கேட்டால் மிச்சத்தை அவளே சொல்வாள்.

பெரிய விஷயம் எடை பார்ப்பது. எங்களிடம் உள்ளது கொக்கித் தராசு. உத்தரத்தில் மாட்டிக் குழந்தையைத் துணித் தொட்டிலில் தொங்கவிட வேண்டும். இரண்டு வீடுகளில் தாய்மார்கள் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

"அதுல நாங்க புளி எடை போடுவோம். ஆட்டுக்கறி எடை போடுவோம். பிள்ளையைக் கொண்டுபோய் அதுல மாட்டுனா?" என்றாள் தங்காயி. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நிக்கிற தராசு இல்லையா? அம்மா பிள்ளையைத் தூக்கிட்டு ஒரு தடவை ஏறட்டும், வச்சிட்டு ஒரு தடவை ஏறட்டும். கழிச்சுக்கலாமே," என்றாள்.

கழித்துக்கொள்ளலாம். சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. படித்த எனக்கு இது தோன்றவில்லை.

ஜூலை 12, வியாழன்

மழை. நாளெல்லாம் அறையில். புது படிவம் பதினொரு கேள்விகளில் முடிந்துவிட்டது. தங்காயி வந்து தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். இரண்டை மாற்றச் சொன்னாள், மாற்றினேன்.

போகும்போது வாசலில் நின்று, "இன்னொண்ணு டீச்சர். ஒரு வீட்டுல கேட்டதை அடுத்த வீட்டுல சொல்லக் கூடாது. கீழயும் கொண்டுபோகக் கூடாது. அது இல்லைன்னா மத்தது எல்லாம் இருந்தும் பிரயோஜனம் இல்லை," என்றாள்.

திட்டத்தின் முதல் விதியாக அதைத்தான் எழுதியிருக்கிறேன். அவள் சொன்ன வார்த்தைகளிலேயே.

ஜூலை 19, வியாழன்

சந்திப்புப் பெண்ணாகத் தங்காயியைத்தான் போட வேண்டும். அவளிடமும் சொல்லிவிட்டேன். "எனக்குச் சர்க்கார் வேலை மாதிரியா?" என்று கேட்டாள். அறக்கட்டளை வேலை, ஆனால் மாதச் சம்பளம் உண்டு, உத்தரவு உண்டு என்றேன். சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது இல்லை. குமரேசனுக்குப் போன் போட்டுச் சொல்லத் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓடினாள், சிக்னல் அங்கேதான் கிடைக்கும்.

ஆகஸ்ட் 2, வியாழன்

இன்று நாலு வீடுகள். எல்லா வீட்டிலும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

அஞ்சலை என்று ஒரு பெண், முதல் பிள்ளை வயிற்றில், ஐந்தாவது மாதம். ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவள். தங்காயி அவளுக்குப் பேன் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசினாள். ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது அஞ்சலை தானாகவே கேட்டாள்: "நீ கூட இருப்பியாக்கா?"

"நான் இல்லாம உன்னை விடுவேனா," என்றாள் தங்காயி.

ஆகஸ்ட் 8, புதன்

ஓடையைத் தாண்டும்போது தங்காயி சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். மறந்துபோகாமல் இருக்க அப்படியே எழுதிவைக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை ஒன்று இருந்தது, பெண். வசந்தி. காய்ச்சல் கண்டது. அப்போதும் மழை, இந்த ஓடையில் இடுப்பளவு தண்ணீர். இரண்டு நாள் கடக்க முடியவில்லை. வேர்க் கஷாயம் கொடுத்தாள், ஈரத்துணி போட்டாள். மூன்றாம் நாள் விடிந்ததும் தண்ணீர் வடிந்தது. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு தனியாகவே இறங்கினாள். புருஷன் தோட்டத்தில். மூன்று மணி நேரம். வழியெல்லாம் சேறு, இரண்டு இடத்தில் விழுந்தாள். சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது பத்தரை மணி.

"வெள்ளைச் சேலை கட்டுன அம்மா என்னைப் பார்த்துச்சு. பிள்ளையைப் பார்த்துச்சு. இப்படிச் சேறும் சகதியுமா தூக்கிட்டு வந்தா எப்படித் தொடுறது, போய்க் குழாய்ல கழுவிட்டு வான்னுச்சு. நான் கழுவப் போனேன் டீச்சர். பின்னாடி குழாய். அங்கயும் ரெண்டு பேர் நின்னாங்க, அவங்க பிடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னேன். என் முறை வந்து தண்ணி ஊத்துறேன், பிள்ளைகிட்ட அசைவு இல்லை."

அக்கரை ஏறினோம்.

கொஞ்சம் தள்ளிப் போய், "மாமியா வீட்டுல யாரும் நம்பலை. கீழ போயிருந்தா காப்பாத்தி இருப்பாங்க, இவ போகவே இல்லை, பாதி வழியில உக்காந்துட்டு வந்துட்டான்னாங்க. எங்கூட்டுக்காரர் மட்டும் நம்புனாரு. ஒரு வருஷம் அவரு சொல்லிச் சொல்லித்தான் ஊர் வாயை மூடுச்சு," என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் கை சில்லென்று இருந்தது.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

நகரத்தில் அலுவலகக் கூட்டம். இயக்குநர் மனோகரன் சாருக்கு வரைவுத் திட்டம் பிடித்திருக்கிறது. நிற்கும் தராசு யோசனையை எல்லாரும் பாராட்டினார்கள். உள்ளூர்ப் பெண் சொன்னது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

சந்திப்புப் பெண்ணுக்குப் பத்தாவது தேர்ச்சி வேண்டும் என்கிறார் சார். நிதி தருபவர்களின் விதியாம். தங்காயியைப் பற்றிச் சொன்னேன். வாதாடினேன். "பார்க்கலாம் ஹேமலதா," என்றார். "பார்க்கலாம் சார்" என்று நானும் சொன்னேன்.

செப்டம்பர் 5, புதன்

தங்காயி கேட்டாள், உத்தரவு எப்போது வரும் என்று. சீக்கிரம் வரும் என்றேன்.

மூன்றாவது நாளாகச் சாமைக் கஞ்சி. பழகிவிட்டது, ஊறுகாய் மட்டும் தீர்ந்துவிட்டது.

செப்டம்பர் 12, புதன்

சார் போனில். தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்று முக்கால் மணி நேரம் பேசினேன்.

அக்டோபர் முதல் வாரம் இங்கே தொடக்க விழா, நிதி தருபவர்கள் வருகிறார்கள். ஒரு சிறு புத்தகம் அச்சிட வேண்டும். நாலு பக்கம் திட்டம், ஒரு பக்கம் உண்மைக் கதை. "மனசைத் தொடுகிற மாதிரி ஒரு தாய். உன்கிட்ட இருக்குமே?" என்றார். அப்புறம் அவரே, "உன் தங்காயியோட கதையா இருந்தாக்கூடச் சரி. இப்படி ஒரு இழப்பைச் சந்திச்ச தாயே இன்னிக்கு மத்த தாய்களுக்காக வர்றாங்கன்னு சொன்னா, பத்தாவது தேர்ச்சி விதியில ஒரு விலக்கு நான் வாங்கித் தர்றேன்," என்றார்.

அவளுக்கு ஒரு குழந்தை இறந்தது சாருக்கு எப்படித் தெரியும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். ஆகஸ்ட் கூட்டத்தில் மத்தியானச் சாப்பாட்டின்போது நான் சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 14, வெள்ளி

எழுதி அனுப்பினேன். ஒரு பக்கம். பெயரை மீனா என்று மாற்றிவிட்டேன், ஊர்ப் பெயர் போடவில்லை. அவள் சொன்னபடிதான் எழுதினேன், ஓடை, மூன்று மணி நேரம், குழாய், எல்லாம். எழுதி முடித்தபோது எனக்கே அழுகை வந்தது. இவ்வளவு நன்றாக நான் எதையும் எழுதியதில்லை.

செப்டம்பர் 17, திங்கள்

சார் திருப்பி அனுப்பியிருக்கிறார். "அருமை. ஆனால் சுகாதார நிலையம் பற்றிய பகுதி வேண்டாம். நாம் அவர்களோடு சேர்ந்துதான் வேலை செய்யப் போகிறோம். விழாவுக்கு அவர்களும் வருகிறார்கள். இரண்டு வரிதானே."

உண்மையில் இரண்டு வரிதான். எண்ணிப் பார்த்தேன். ஒன்று, மூன்று மணி நேரம் இறங்கிப் பத்தரை மணிக்கு அவள் போய்ச் சேர்ந்தது. இன்னொன்று, குழாய். வெள்ளம் பற்றிய வாக்கியமும் நீளமாக இருக்கிறது என்று அச்சகத்தில் அவர்களே சுருக்கிவிட்டார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

மிச்சம் இருப்பதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் வீட்டிலேயே கஷாயம் கொடுத்தாள். மூன்றாம் நாள் குழந்தை இறந்தது. எல்லாம் அவளே சொன்னது.

தங்காயியிடம் காட்டிவிட்டு அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். மதியம் இரண்டுக்குள் வேண்டும் என்றார்கள். சிக்னலும் சரியில்லை.

செப்டம்பர் 25, செவ்வாய்

விலக்கு கிடைத்துவிட்டது. தங்காயியிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். விழாவுக்குக் குமரேசனையும் வரச்சொல்லப் போகிறாளாம்.

புத்தகத்துக்கு என்று அவளையும் பையனையும் ஓடைக்கரையில் நிற்கவைத்து முதுகுப் பக்கமாக ஒரு படம் எடுத்து அனுப்பினேன். முகம் தெரியாது. "எதுக்கு டீச்சர்?" என்றாள். "ஆபீசுக்கு," என்றேன்.

அக்டோபர் 4, வியாழன்

விழா நல்லபடியாக நடந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். மூன்று ஜீப்பில் பதினாலு பேர் வந்தார்கள். ஏழு ஊரிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள், தங்காயி ஒவ்வொரு வீடாகப் போய்க் கூப்பிட்டிருந்தாள். சுகாதார நிலையத்திலிருந்து இருவர் முன்வரிசையில்.

தங்காயிக்கு மேடையில் வைத்து உத்தரவு கொடுத்தார்கள். பச்சைச் சேலையில் ஏறினாள், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கடைசியில் எல்லாருக்கும் புத்தகம் கொடுத்தார்கள். சார் என் தோளைத் தட்டி, "நவம்பர் ஒண்ணுல இருந்து நீதான் ஒருங்கிணைப்பாளர்," என்றார்.

குமரேசனை முதல் முறையாகப் பார்த்தேன். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை. பத்தாவது வரை படித்தவன் என்று தங்காயி சொல்லியிருக்கிறாள். பந்தக்கால் பக்கத்தில் நின்று புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தான். ஐந்தாவது பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றான், படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். பிடித்துப்போய்தான் பத்திரமாக வைத்துக்கொள்கிறான் என்று நினைத்தேன்.

ஐந்தாவது பக்கத்துக்குத் தலைப்பு போட்டது நான் இல்லை. "தாமதத்தின் விலை" என்று போட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 6, சனி

நேற்றும் இன்றும் தங்காயி வரவில்லை. விழா வேலையில் களைத்திருப்பாள்.

அக்டோபர் 9, செவ்வாய்

தனியாக ஆறு வீடுகளுக்குப் போனேன். மூன்றில் பூட்டு. ஒன்றில் ஆள் இருக்கும் சத்தம் கேட்டது, கதவைத் திறக்கவில்லை. அஞ்சலை வீட்டில் அவளுடைய மாமன் வெளியே வந்து, "இங்க சொன்னா புஸ்தகத்துல வருமாமே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விலை விசாரிக்கிற மாதிரி கேட்டார்.

குடிக்க எதுவும் தரவில்லை.

அக்டோபர் 10, புதன்

காலையில் தங்காயி வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் ஆட்டுக்குத் தழை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நின்றுகொண்டே பேசினேன்.

வேலைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். தழையை வெட்டிக்கொண்டே இருந்தாள். குமரேசன் எங்கே என்று கேட்டேன்.

"தோட்டத்துக்குப் போயிட்டாரு. இன்னும் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் போறதா இருந்துச்சு. மறுநாளே போயிட்டாரு," என்றாள்.

"ஏன்?"

அரிவாளைக் கீழே வைத்தாள். "வீட்டுக்கு வந்து உக்காந்தாரு. புஸ்தகத்தை எடுத்து எனக்குப் படிச்சுக் காட்டுனாரு. முழுசும் படிச்சாரு. படிச்சிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. 'அன்னைக்கு நீ நிஜமாவே கீழ போனியா?'"

நான் ஏதோ சொல்ல வந்தேன். பெயரை மாற்றியிருக்கிறோம், ஊரைச் சொல்லவில்லை என்றேன்.

"எங்க ஓடை டீச்சர் அது. என் சேலை. என் பையன். ஊருல கைப்பிள்ளைக்குக் கூடத் தெரியும்."

"அதில் பொய்யாக ஒன்றும் எழுதவில்லை தங்காயி. நீ சொன்னதுதான்."

"அதான். பொய் எழுதியிருந்தா, இது பொய்யின்னு சொல்லிட்டு நான் என் வேலையைப் பார்த்திருப்பேன். காய்ச்சல் நிஜம். கஷாயம் நிஜம். பிள்ளை செத்ததும் நிஜம். நான் எதை இல்லைன்னு சொல்லட்டும்?"

ஆடு அவள் முந்தானையை இழுத்தது. அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

"நான் அவர்கிட்டச் சொன்னேன், போனேன், பத்தரைக்குப் போனேன்னு. அவரு, அப்ப ஏன் இதுல இல்லைங்கிறாரு. டீச்சர்கிட்ட எல்லாம் சொன்னேன்னு நீயே சொன்னியே, படிச்சவங்க, அதை மட்டும் ஏன் விடுவாங்கங்கிறாரு. நான் என்ன சொல்றது?"

அவள் என்னைப் பார்த்தபடி நின்றாள். உண்மையிலேயே பதில் எதிர்பார்த்துத்தான் நின்றாள் என்று நினைக்கிறேன். சுகாதார நிலையத்தோடு உறவு கெடக் கூடாது, உன் வேலைக்காகத்தான், பத்தாவது தேர்ச்சி விதி என்றெல்லாம் சொன்னேன். வாயிலிருந்து வரும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"என் வேலைக்காக," என்றாள் தங்காயி, புது வார்த்தை ஒன்றைச் சொல்லிப் பழகுவதுபோல.

"நான் குமரேசனிடம் பேசுகிறேன். தோட்டத்துக்கே போய்ச் சொல்கிறேன். நான் சொன்னால் நம்புவார்."

"நம்புவாரு," என்றாள். "மூணு வருஷம் நான் சொன்னதை நம்புனவரு, இனி நீங்க சொன்னாத்தான் நம்புவாரு. அப்படி ஒரு நம்பிக்கை எனக்கு வேண்டாம். போகாதீங்க."

உள்ளே போய் உத்தரவை எடுத்து வந்து கொடுத்தாள். பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள். உறையையும் சேர்த்தே கொடுத்துவிட்டாள்.

அக்டோபர் 11, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 16, செவ்வாய்

சாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். புத்தகத்தைத் திரும்ப வாங்க வேண்டும், நீக்கிய வரிகளைச் சேர்த்து மறுபடி அச்சிட்டு ஏழு ஊரிலும் படித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் திட்டம் நடக்காது. ஒன்றரைப் பக்கம். தெளிவாகவே எழுதியிருக்கிறேன்.

நவம்பர் ஒன்றாம் தேதிக்குப் பிறகு அனுப்பலாம். ஒருங்கிணைப்பாளராக இருந்துகொண்டு சொன்னால் அதற்கு மதிப்பு இருக்கும்.

நவம்பர் 1, வியாழன்

பொறுப்பேற்றுக்கொண்டேன். அக்காவுக்குப் போன் செய்தேன். "மூணு வருஷமா?" என்று இரண்டு முறை கேட்டாள். சந்தோஷப்பட்டாள். பெட்டிகளை எப்போது எடுத்துக்கொள்வாய் என்று கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

தங்காயி இடத்துக்குக் கீழிருந்து ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். சௌம்யா, பன்னிரண்டாவது தேர்ச்சி, கையில் டேப்லெட். நல்ல பெண். படிவம் எல்லாம் அந்த டேப்லெட்டில். பதினொரு கேள்விகள் இப்போது முப்பத்தெட்டு ஆகியிருக்கின்றன.

நவம்பர் 15, வியாழன்

சௌம்யாவின் முதல் பதினைந்து நாள் கணக்கு. ஐம்பத்திரண்டு வீடுகள். "வீட்டில் ஆள் இல்லை" என்று நாற்பத்தைந்து. டேப்லெட்டில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது, தொட்டால் பச்சையாகிவிடும். சந்திப்புக்குப் போனதாகவே சேரும்.

"ஏன் மேடம் யாருமே திறக்க மாட்டேங்கிறாங்க? இவங்க எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

"மலையில் கொஞ்சம் நாள் பிடிக்கும்," என்றேன்.

கடிதம் பையில்தான் இருக்கிறது. இந்த மாதம் ஆய்வு முடியட்டும்.

நவம்பர் 22, வியாழன்

ஆய்வு முடிந்தது. இந்த மாதமே மருத்துவமனைப் பிரசவம் குறைந்தது ஒன்றாவது காட்ட வேண்டும் என்கிறார் சார். அஞ்சலைக்கு அடுத்த மாதம் கடைசியில்தான் தேதி. சௌம்யாவை மூன்று முறை அனுப்பினேன், கதவு திறக்கவில்லை. நானும் ஒரு முறை போனேன். உள்ளே தங்காயியின் குரல் கேட்டது. தட்டாமல் திரும்பி வந்தேன்.

நவம்பர் 28, புதன்

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் மாதக் கூட்டம். முடிந்து வராண்டா வழியாக வந்தபோது பதிவுச் சீட்டு கொடுக்கும் ஜன்னல் முன்னால் தங்காயி நின்றிருந்தாள். அஞ்சலை பக்கத்துப் பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். ஒரு மாதம் முன்னாலேயே வலி கண்டுவிட்டது போல. இருவர் காலிலும் முழங்கால் வரை சேறு.

"கொஞ்சம் உக்காரும்மா, கூப்பிடுவாங்க," என்றார் ஜன்னலில் இருந்தவர்.

"உக்காருறோம். நாங்க வந்த நேரத்தை எழுதிக் குடுங்க," என்றாள் தங்காயி.

"எதுக்கு?"

"வந்தோம்னு இருக்கணும். நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டு."

அவர் சிரித்தார். அப்படி எல்லாம் வழக்கம் இல்லை என்றார். தங்காயி நகரவில்லை. பின்னால் வரிசை நீண்டது, யாரோ சத்தம் போட்டார்கள். அவள் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, என்ன தகராறு என்று கேட்டு, துண்டுத்தாளில் பதினொன்று இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அஞ்சலையைச் சேற்றுக் காலோடு அப்படியே தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள்.

நான் பக்கத்தில் போனேன். தங்காயி தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தங்காயி," என்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம். அவ பேரைக் கூப்பிட்டா எனக்குக் கேக்கணும்."

தள்ளி நின்றேன். அப்படியே அரை மணி நேரம். அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஜீப்புக்காரர் வந்து கூப்பிட்டார்.

நவம்பர் 30, வெள்ளி

அஞ்சலைக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ நூறு. குறைமாதம், ஆனால் நன்றாக இருக்கிறதாம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தெரிந்துகொண்டேன்.

மாத அறிக்கை இன்று போக வேண்டும். மாலை வரை அந்த ஒரு கட்டத்தைக் காலியாகவே வைத்திருந்தேன். ஐந்து மணிக்குச் சார் போன் செய்தார். ஐந்தே காலுக்கு நிரப்பி அனுப்பிவிட்டேன். திட்டத்தின் வழியாக நடந்த மருத்துவமனைப் பிரசவம்: ஒன்று. அழைத்துச் சென்றவர்: சௌம்யா.